டெக் பங்குக்கும் ஆடித் தள்ளுபடி

புதிதாகப் பங்குத் தரகு வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார் உங்கள் மேனேஜர். எந்தப் பங்கை எந்த விலையில் பிடித்துக் கொடுத்து யாரைப் பணக்காரர் ஆக்கினேன் என்று நான் அளப்பேன் என அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். பாவம், நல்ல மனிதர். அப்படி நான் பணக்காரர் ஆக்கிய ஆளை நானும் ரொம்ப நாளாகத் தேடுகிறேன். அதனால் நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள்.

திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் என் ஆபீஸ். 1999-இல் மொட்டை மாடியில் பெரிய டிஷ் ஒன்றை நட்டு, கீழே அறையில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்தேன். பம்பாயில் மாறும் விலை அந்த டிஷ் வழியாக அதே நொடியில் என் திரைக்கு வரும். திரை வந்த முதல் நாளே யாரோ ஒருவர் அதற்குப் பட்டையாக விபூதி பூசி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். நானும் துடைக்கவில்லை. தொழிலில் பாதி நம்பிக்கைதான் என்று நினைத்தேன். மீதிப் பாதி என்ன என்று அப்போது யோசிக்கவில்லை.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்கு எதை வாங்கினாலும் ஏறியது. நூல் மில் நடத்திக்கொண்டிருந்த ஒரு கம்பெனி பெயருக்குப் பின்னால் 'சாப்ட்வேர்' என்று சேர்த்துக்கொண்டது. மில்லில் அதே மெஷின், அதே முதலாளி. பங்கு மட்டும் மூன்று மடங்கு ஆனது. என் வாடிக்கையாளர்களின் செல்லப் பிள்ளை வேறொன்று. அதன் பெயர் 'டெக்' என்று முடியும். முழுப் பெயர் வாயில் நுழையாததால் எல்லோருமே 'டெக்கு' என்றுதான் சொல்வார்கள். "டெக்கு எவ்ளோ சார்?" என்று கேட்டுக்கொண்டே படியேறுவார்கள். டெக்கு இரண்டாயிரத்தைத் தொட்டால் ஒன்பது பௌர்ணமி மலை சுற்றுவதாக வேண்டிக்கொண்டவர்கள் உண்டு. அது மூவாயிரத்தையும் தொட்டது. ஒன்பது பௌர்ணமி ஒருவரும் முடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

இரண்டாயிரமாவது வருடம் கோடையில் டெக்கு சரியத் தொடங்கியது. இரண்டாயிரம், ஆயிரத்து ஐந்நூறு, ஆயிரம் என்று படிப்படியாக இறங்கி, ஆடி மாதம் பிறந்தபோது எழுநூறுக்குப் பக்கத்தில் நின்றது. அறையில் கூட்டம் குறைந்தது. கூட்டம் குறைந்தால் வியாபாரம் குறையும், வியாபாரம் குறைந்தால் என் தரகு குறையும். ஏறினாலும் இறங்கினாலும் தரகனுக்கு ஒன்றுதான், நின்றுபோனால்தான் பட்டினி. என் மூளை வேலை செய்தது அப்போதுதான். கீழே ஜவுளிக் கடைகளில் எல்லாம் பேனர் தொங்குவதைப் பார்த்தேன். ஒரு கரும்பலகை வாங்கி, படிக்கட்டின் அடியில் மாட்டி, என் கையாலேயே எழுதினேன்: 'டெக் பங்குக்கும் ஆடித் தள்ளுபடி. மூவாயிரம் ரூபாய்ச் சரக்கு எழுநூறுக்கு.'

சத்தியமாகச் சொல்கிறேன், அதை எழுதிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்து ரசித்தேன். நம் ஊரில் தள்ளுபடி என்ற சொல்லைப் பார்த்துவிட்டு நேராக நடந்துபோகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. ஒரே வாரத்தில் கூட்டம் திரும்பியது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஏழுமலை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் சூப்பிரண்டு. சொந்த ஊர் அடி அண்ணாமலை. டவுனில் இருபது வருடமாக வாடகை வீடு. மதியம் சாப்பாட்டு இடைவேளையில் ஆட்டோ பிடித்து என் ஆபீஸுக்கு வந்து, நின்றுகொண்டே தயிர் சாதம் சாப்பிட்டபடி திரையைப் பார்ப்பார். ஆபீஸில் ஒரு பைலில் கையெழுத்துப் போட மூன்று மாதம் யோசிக்கிற மனிதர் அவர். இங்கே வந்து மூன்று நிமிடத்தில் முடிவெடுப்பார். டெக்கை ஆயிரத்து எண்ணூறில் வாங்கியிருந்தார். இறங்க இறங்க மேலும் கொஞ்சம் வாங்கினார். அப்படி வாங்கினால் சராசரி விலை குறையும் என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

ஆடி பௌர்ணமிக்கு முந்தின நாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் மஞ்சள் பை.

"சார், ஒரு லட்சம் இருக்குது. டெக்கு அடியைத் தொட்டுச்சின்னா ஒரே போடா போட்டுடலாம்னு பாக்கறேன்."

"ஏதுங்க பணம்?"

"வேங்கிக்கால்ல ஒரு மனை இருக்குது இல்ல? அதைப் பேசி முடிச்சிட்டேன். முன்பணம் வாங்கியாச்சு. பத்திரம் அடுத்த மாசம். அதுக்குள்ள டெக்கு ரெண்டாயிரம் போவும். இதை வச்சே மனையும் திருப்பிக்கலாம், வீடும் கட்டிக்கலாம்."

அந்த மனை அவர் மனைவியின் நகையை விற்று வாங்கியது என்பது எனக்குத் தெரியும். பத்திரமும் அந்த அம்மா பெயரில்தான் இருந்தது. வாடகை வீட்டு மொட்டை மாடியில் மூன்று தடவை தண்ணீர்த் தொட்டி வெடித்து, மூன்று தடவையும் வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கியது அந்த அம்மாதான் என்பதையும் ஏழுமலையே சொல்லியிருக்கிறார். 'வீட்டில் சொல்லிவிட்டீர்களா' என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு வரிக் கேள்வி. கேட்கவில்லை. ஒரு லட்சத்துக்கு எவ்வளவு தரகு என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தபோது வேறு கேள்வி எதுவும் அங்கே நுழைய இடம் இருக்கவில்லை.

மறுநாள் பௌர்ணமி. காலையிலிருந்தே ஊருக்குள் பஸ் பஸ்ஸாக ஜனம். ஏழுமலை லீவு போட்டுவிட்டு மஞ்சள் பையோடு வந்து முன் நாற்காலியில் உட்கார்ந்தார். அறையில் பதினைந்து பேர். டெக்கு அன்றைக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. அறுநூற்று ஐம்பது. அறுநூற்று முப்பது. அறுநூற்றுப் பன்னிரண்டு.

அங்கே நின்றது.

ஒரு நிமிடம் நின்றது. இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம். அறுநூற்றுப் பன்னிரண்டு, அசையவே இல்லை. பின்வரிசையில் ஒரு லாட்ஜ் முதலாளி மெதுவாகச் சொன்னார்: "நின்னுடுச்சு." இன்னொருவர், "அடி இதான்யா, இதுக்குக் கீழ போவாது" என்றார். ஏழுமலை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், இதான் அடியா?"

என்னிடமும் நூறு டெக்கு இருந்தது. விலை நின்றதைப் பார்த்து எனக்கும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நான் என் ஆசையைத்தான் அவருக்குப் பதிலாகச் சொன்னேன்: "அப்படித்தாங்க தெரியுது. இதுக்கு மேல சல்லிசா கிடைக்காது."

ஆர்டரைக் கம்ப்யூட்டரில் போட்டேன். போகவில்லை. இன்னொரு முறை போட்டேன். போகவில்லை. "எல்லாரும் ஒரே நேரத்துல வாங்கறாங்க, அதான் லைன் நெரிசல்" என்று விளக்கம் வேறு சொன்னேன். அறையில் பரபரப்பு கூடியது. சென்னையில் எங்கள் தலைமை ஆபீஸுக்குப் போன் போட்டேன். எடுத்த ஆள் விவரத்தைக் கேட்டுக்கொண்டு, "சார், இங்க ஐந்நூத்தி அறுபதுல ஓடுது. போடவா?" என்றான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என் திரையில் அறுநூற்றுப் பன்னிரண்டு. அவன் திரையில் ஐந்நூற்று அறுபது. கொஞ்சம் மூளை உள்ளவன் என்ன செய்வான்? போனை வைத்துவிட்டு, என் திரைக்கு என்ன வந்தது என்று எழுந்து போய்ப் பார்ப்பான். எனக்கு அந்த யோசனை வரவில்லை. பதினைந்து ஜோடிக் கண்கள் என் முதுகில் இருந்தன, 'இதுதான் அடி' என்று வாயை விட்டாயிற்று. நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு ஏழுமலையிடம் சொன்னது இது: "உங்க யோகம், இன்னும் அம்பது ரூபா கம்மியா கிடைக்குது." ஏழுமலை கண்ணை மூடி மலை இருக்கும் திசையில் ஒரு கும்பிடு போட்டார். ஒரு லட்சத்துக்கும் வாங்கினோம். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வாங்கினார்கள்.

அரைமணி நேரம் கழித்து டீ கொண்டுவந்தவர் கிளாஸ்களை மேஜையில் வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "சார், மேல உங்க தட்டுல மூணு கொரங்கு ஏறி உக்காந்து வாழைப்பழம் துன்னுதுங்க. தட்டு ஒரு பக்கமா சாஞ்சிக்கினுது."

பக்கத்து லாட்ஜ் மாடியில் தங்கியிருந்த பக்தர்கள் குரங்குகளுக்குப் பழம் வீசியிருக்கிறார்கள். பழம் பிடிக்க வசதியான இடமாகக் குரங்குகள் என் டிஷ்ஷைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. டிஷ் சாய்ந்ததும் பம்பாய்க்கும் எனக்கும் இருந்த சம்பந்தம் அறுந்துபோயிருக்கிறது. கடைசியாக வந்த விலையை மட்டும் திரை அப்படியே காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. நான் கண்டுபிடித்த 'அடி'யின் லட்சணம் அவ்வளவுதான். குச்சியோடு மேலே போய் அவற்றை விரட்டி, டிஷ்ஷை நிமிர்த்தியபோது டெக்கு ஐந்நூற்று நாற்பதில் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியூர்த் தரகர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் குரங்கை நினைத்துச் சிரிப்பார்கள். குரங்கின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அது பழம் தின்றது. ஐந்நூற்று அறுபது என்று காதில் விழுந்த பிறகும் 'போடு' என்று சொன்னது நான்.

நாலு நாள் கழித்து, டெக்கு நானூற்றைம்பதுக்குப் போயிருந்த ஒரு மதியம், ஏழுமலையின் மனைவி படியேறி வந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. வீட்டிலேயே புடவை வியாபாரம் செய்கிறவர். ஆரணியிலும் காஞ்சிபுரத்திலும் மொத்தமாக வாங்கிவந்து, தெருவில் உள்ள பெண்களுக்குத் தவணைக்குக் கொடுப்பார். மனை வாங்கப்போகிறவர் அளந்து பார்க்க வேண்டும் என்று சாவகாசமாக ஏழுமலை வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். அப்படித்தான் அந்த அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஏழுமலை அவருக்குப் பின்னால், தன் ஆபீஸில் மனு கொடுக்க வந்து நிற்கிறவர்கள் நிற்பது போல நின்றார்.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கீழ போர்டுல எழுதனது நீங்களா?"

"ஆமாங்க."

"ஆடித் தள்ளுபடியில நானும் வாங்கறவதான். இருவது வருசமா வாங்கறேன். கடைக்காரன் எதைத் தள்ளுபடியில போடுவான், சொல்லுங்க? போற சரக்கையா, போவாத சரக்கையா?"

நான் மேஜையில் இருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"சரி, போவாத சரக்காவே இருக்கட்டும். ஆடியில வாங்கன பொடவை ஐப்பசியிலயும் பொடவைதான். விக்கலன்னா நான் கட்டிப்பேன். இதை இன்னா பண்றது? இந்தக் கம்பெனி இன்னா செய்யுது?"

"கம்ப்யூட்டர் சம்பந்தமா..." என்றேன்.

"கம்ப்யூட்டர் சம்பந்தமான்னா?"

ஒரு வருடத்துக்கு மேலாக அந்தப் பங்கை விற்றவன் நான். ஆயிரம் தடவையாவது அதன் பெயரைச் சொல்லியிருப்பேன். அந்தக் கம்பெனி காலையில் கதவைத் திறந்து சாயந்திரம் மூடுவதற்குள் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. அறையில் இருந்த பத்துப் பேரையும் பார்த்தேன். ஒருவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். இன்னொருவர் செருப்பைப் பார்த்தார்.

"மனையில நான் கையெழுத்துப் போடமாட்டேன். இவரு வாங்கன முன்பணத்தைத் திருப்பித் தரணும். இதை வித்துக் குடுங்க" என்றார் அந்த அம்மா.

அறை விழித்துக்கொண்டது. "இப்ப வித்தா நஷ்டம்மா." "ரெண்டு நாள் பொறுங்க, திரும்பும்." "பொம்பளைங்களுக்கு இது புரியாதும்மா." லாட்ஜ் முதலாளி என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார், ஏறுமா இல்லையா?" என்றார். ஏழுமலையும் என் முகத்தையே பார்த்தார். கணக்கு அவர் பெயரில், அவர் சொன்னால்தான் விற்க முடியும். அவர் சொல்வது நான் சொல்வதில் இருந்தது.

எனக்கு என்ன பயம் தெரியுமா? அந்தப் பத்துப் பேரும் டெக்கு வைத்திருந்தார்கள். நான் 'வித்துடுங்க' என்றால் அத்தனை பேரும் என் சட்டையைப் பிடிப்பார்கள், நீதானே வாங்கச் சொன்னாய் என்று. 'பொறுங்க' என்றால் அந்த அறையில் எல்லோருக்கும் சந்தோஷம், ஒருவரைத் தவிர. 'பொறுங்க' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த அம்மா என்னைத் திட்டும் முகத்தோடு பார்த்திருந்தால் சொல்லியும் இருப்பேன். அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். உண்மையிலேயே எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் காத்திருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"தெரியாதுங்க" என்றேன். "ஏறுமா எறங்குமான்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு அடின்னு சொன்னேனே, அன்னிக்கும் தெரியாது."

ஏழுமலை திரையை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் மனைவியைப் பார்க்காமல், "வித்துடுங்க சார்" என்றார்.

விற்றேன். முன்பணத்தில் இருபதாயிரம் குறைந்தது. அதில் எட்டாயிரம் நான் கொடுத்தேன். முழுவதையும் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. என் மனசாட்சிக்கு அன்று நான் போட்ட விலை எட்டாயிரம். எழுதும்போது இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. மீதிக்கு அந்த அம்மா தன் புடவை முதலிலிருந்து எடுத்து, அந்த வருட தீபாவளி வியாபாரத்தையே விட்டுவிட்டார்.

அடுத்த மூன்று நாள் டெக்கு ஏறியது. சந்தைக்கு நம்மைக் கேலி செய்வதில் ஒரு தனி ருசி. ஏழுமலை போனில் கூப்பிட்டு, "ஐந்நூறு ஆயிடுச்சாமே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகத் திறந்த இன்னொரு தரகரிடம் போய்விட்டார்கள். தெரியாது என்று சொல்கிற ஆளிடம் யார் வருவார்கள்? அந்தத் தரகருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அடுத்த வருடம் டெக்கு இருபது ரூபாய்க்கு வந்தபோதும் அது நாற்பதுக்குப் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அப்புறம் அந்தப் பங்கைச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். என் நூறு டெக்கு இன்னும் என்னிடமே இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது பெரிதாக ஒன்றும் இல்லை. விழுந்த பங்கை வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு அதே விலையில் விழுந்து கிடந்த வேறு சில கம்பெனிகளை வாங்கி, பத்து வருடம் தொடாமல் வைத்திருந்து பிழைத்தவர்களும் உண்டு. எது எழும், எது எழாது என்று அவர்களுக்குத் தெரிந்ததா, அதிர்ஷ்டமா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் எதிரில் இருக்கிறவர் கொண்டுவந்த பணம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்காமல் விலையைப் பற்றிப் பேசாதீர்கள். உங்களிடமும் அதே பங்கு இருந்தால் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் பயந்துகொண்டோ ஆசைப்பட்டுக்கொண்டோ இருக்கும்போது உங்கள் வாயிலிருந்து வருவது ஆலோசனை இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு புடவை வியாபாரி தேவைப்பட்டார். உங்களுக்கு அவ்வளவு செலவாகாமல் இருந்தால் சரி.

மூன்று வருடம் கழித்து வேங்கிக்காலில் அந்த மனையில் வீடு எழும்பியது. கிரகப்பிரவேசத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போகத் தயக்கமாக இருந்தது, போனேன். பந்தியில் அந்த அம்மா என் இலைக்கு முன்னால் நின்று, தன் சொந்தக்காரர்களிடம், "இந்த வூடு நிக்குதுன்னா இவராலதான். பத்துப் பேரு முன்னால எனக்குத் தெரியாதுன்னு சொன்னாரு. வேற எவன் சொல்லுவான்?" என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நான் செய்த நல்ல காரியம் அந்த ஒரு சொல்தான். அதையும் மனை போகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் சொன்னேன். ஏழுமலை பக்கத்து இலையில் தலை நிமிராமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் பேச்சு பந்தி முழுக்கப் பரவியிருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்கிறவர், அப்படியானால் தெரிந்ததை எவ்வளவு சரியாகச் சொல்வார் என்று நம் ஜனம் கணக்குப் போட்டுவிட்டது. மறுநாள் காலை நான் ஆபீஸைத் திறக்கப் போனபோது படிக்கட்டில் ஐந்து ஆண்கள் நின்றார்கள். ஏழுமலையின் சொந்தக்காரர்கள். ஒருவர் கையில் நிலம் விற்ற பணம், ஒருவர் கையில் பி.எப். பணம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் எல்லாம் விழுந்து கிடக்கின்றனவாமே, எதை வாங்கலாம் என்று ஒரே குரலில் கேட்டார்கள்.

நான் பூட்டைத் திறக்கவில்லை. "வூட்ல சொல்லிட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன்.

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போய் வூட்டம்மாவைக் கூட்டிக்கினு வாங்க. அவங்க எதிர்ல பேசலாம்" என்றேன்.

இதோ வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஐந்து பேரில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை.